மாப்பிள்ளை மாட்டிவிட்ட மேகம்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் அத்தையும் கடையில் உள்ளவர்களும் சுகம். அங்கு நீங்களும் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மகளுக்கு இருந்த இருமல் நின்றுவிட்டதா, உங்களுக்கு ஆபீசில் வேலை அதிகமா, இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்பதையெல்லாம் விவரமாக எழுதவும். இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு வேறு வழியில்லை. நீங்கள் எங்கள் சோபா கடைக்கு மாட்டிக் கொடுத்த க்ளவுட் சாஃப்ட்வேரில் நான் ஒரு வரி எழுதினால் அதை நான்கு பேர் படிக்கிறார்கள், இரண்டு பேர் திருத்துகிறார்கள், ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். காகிதத்தில் எழுதினால் நமக்கு நடுவில் தபால்காரர் ஒருவர்தான். அவரும் கருத்துச் சொல்வதில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள்மேல் எனக்குத் துளியும் வருத்தம் கிடையாது. மூன்று மாதத்துக்கு முன் நீங்கள் லீவில் வந்திருந்தபோது எங்கள் கடை மூலையில் உட்கார்ந்து இரண்டு நாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மாப்பிள்ளைக்கு நம் தொழில்மேல் எவ்வளவு ஆர்வம் என்று நான் பூரித்துப்போய் உங்களுக்கு டீக்கு மேல் டீயாக வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நீங்கள் என் ஆர்டர் நோட்டைக் கையில் எடுத்து, "மாமா, இனிமே இது எதுக்கு, எல்லாத்தையும் க்ளவுட்ல போட்டுடலாம்" என்றீர்கள். வீட்டு மாப்பிள்ளை ஆசைப்பட்டுச் சொல்லும்போது முடியாது என்று சொல்ல எந்த மாமனாருக்கு வாய் வரும். சரி என்றேன். என் தொழில் அப்படியே மேகத்துக்குக் குடிபோய்விட்டது. யாருக்கு எந்த சோபா, என்ன துணி, எத்தனை அங்குலம், எப்போது கொடுக்க வேண்டும் என்று அங்கே ஒரு பட்டியல். எல்லோரும் பேசிக்கொள்ள ஒரு க்ரூப். பொதுவாக ஒரு நாட்காட்டி. வாடிக்கையாளர்கள் போனில் சொல்லாமல் தாங்களே நிரப்பி அனுப்ப ஒரு படிவம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அனுபவிக்கத்தான் முடியவில்லை. ஆகையால் அடுத்த முறை வரும்போது தயவுசெய்து அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடவும். ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

கடையில் நாங்கள் மொத்தம் நான்கு பேர். நான், உங்கள் அத்தை, தையல்காரர், வண்டி ஓட்டும் சுத்துவழி. பக்கத்துத் தெருவுக்கு சோபா கொண்டுபோவதென்றாலும் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றிப் போவதால் அவருக்கு அந்தப் பெயர். அவரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், உங்களை ரயிலடிக்குக் கூட்டிப்போனதும் அவர்தான், நீங்கள் ரயிலை விட்டதும் அதனால்தான். எங்கள் நான்கு பேர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவது இத்தனை வருடத்தில் யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை. உங்கள் சாஃப்ட்வேர் ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் போட்டு அதற்குள் முதல் எழுத்தை வைத்தது. எந்த வட்டம் யார் என்று யாருக்கும் புரியவில்லை. தையல்காரர் லீவு கேட்டதற்கு சுத்துவழி 'சரி' என்று எழுத, அதை நான் எழுதியதாக நினைத்துத் தையல்காரர் இரண்டு நாள் வரவில்லை. பிறகு எல்லோரும் வட்டத்துக்குள் படம் வைத்தோம். தையல்காரர் தன் தையல் மிஷினை வைத்தார். சுத்துவழி வண்டியின் பின்பக்கத்தை வைத்தார். உங்கள் அத்தை நீங்கள் எடுத்துக் கொடுத்த படத்தை வைத்தாள், அது மட்டும்தான் நேராக நிற்கிற மனித முகம். என் படம் எப்படி வைத்தாலும் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறது. "முதலாளி ஆன்லைன்ல இருக்காரு, ஆனா படுத்திருக்காரு" என்று தையல்காரர் சொல்கிறார்.

அடுத்தது, வாயால் சொன்னால் தானே எழுதிக்கொள்ளும் என்று நீங்கள் காட்டிக் கொடுத்த மைக் பொத்தான். நமக்கு வேண்டிய பல் டாக்டர் தன் க்ளினிக்கில் ஆட்கள் காத்திருக்க ஒரு பெஞ்சு கேட்டிருந்தார். நான் போனை வாய்க்கு நேராகப் பிடித்து, பின்னால் மிஷின் ஓடிக்கொண்டிருக்க, "பல் டாக்டர் க்ளினிக், மூன்று பேர் அமரும் பெஞ்சு, அவசரம்" என்று தெளிவாகத்தான் சொன்னேன். அது 'பல் டாக்டர் க்ளினிக், மூன்று பேர் அமரர், அவசரம்' என்று எழுதிக்கொண்டது. அந்த நேரம் சுத்துவழி அதே தெருவில் ஒரு மெத்தையை இறக்கிக்கொண்டிருந்தார். போனில் இதைப் பார்த்ததும் மெத்தையை நடைபாதையில் போட்டுவிட்டு க்ளினிக்குக்கு ஓடியிருக்கிறார். நல்ல மனிதர், நேராக ஓடியது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான். காத்திருந்தவர்கள் நடுவில் போய் நின்று, குரலைத் தாழ்த்தி, "மூணு பேருமே இங்கதான் போனாங்களா, இல்ல வீட்டுக்குக் கொண்டுபோனப்புறமா" என்று கேட்டிருக்கிறார். காத்திருந்தவர்களில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். ஒருவருக்கு மரத்துப்போக ஊசி போட்டாயிற்று, அவரால் நினைத்தாலும் போக முடியவில்லை. டாக்டர் எனக்குப் போன் செய்து, "முப்பது வருஷமா பல்லுதாங்க எடுக்கிறேன், உயிரை எடுத்ததில்ல" என்றார்.

பெஞ்சு எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று அவரே பார்த்துக்கொண்டால் நம்மேல் நம்பிக்கை வரும் என்று உங்கள் அத்தை டாக்டரையும் பட்டியலில் சேர்த்தாள், க்ரூப்பிலும் சேர்த்தாள். இது தெரியாமல் நான் தையல்காரருக்காக, 'பல் டாக்டருக்குப் பின்பக்கம் கிழிந்திருக்கிறது, நாளைக்குள் தைக்க வேண்டும்' என்று எழுதினேன். அவருடைய பழைய நாற்காலி ஒன்றும் வேலைக்கு வந்திருந்தது, அதைத்தான் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் டாக்டரிடமிருந்து, 'என் பின்பக்கம் நலம். நாற்காலியைப் பார்க்கவும்' என்று பதில் வந்தது. அதற்கு சுத்துவழி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

நாட்காட்டி கதையை உங்களிடம் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். மகளிடம் சொல்ல மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அது க்ரூப்பில் உள்ள எல்லோருக்கும் பொது என்பதை மறந்து, என் சொந்த ஞாபகத்துக்காக, 'கால் நகம் வெட்டணும், வலது பெருவிரல் கவனம்' என்று ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் குறித்து வைத்தேன். பத்தரை மணிக்குக் கடையில் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் மணியடித்தது. தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து பணிவாக என் முன் வைத்தார். டாக்டர், 'பெருவிரலை நேராக வெட்டவும், ஓரத்தை வளைக்க வேண்டாம்' என்று எழுதினார். பல் டாக்டராக இருந்தாலும் யோசனை சரியாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம்.

வாரம் ஒருமுறை நீங்கள் அங்கிருந்து நடத்துகிற வீடியோ மீட்டிங்கைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. உங்கள் முகத்தைப் பார்க்க முடிகிறது, பின்னால் மகள் நடந்து போவது தெரிகிறது, அது ஒரு சந்தோஷம். ஆனால் நாங்கள் நான்கு பேரும் ஒரே அறையில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருப்பதால் ஒருவர் தும்மினால் நான்கு போனிலும் அது சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடுகிறது. உங்கள் அத்தை மட்டும் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு, கீழே ஓடுகிற எழுத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அந்த எழுத்து வரும்படி நீங்கள்தான் வைத்துக் கொடுத்தீர்களாம்.

நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா, இந்த மேகத்தால் ஒரு நன்மை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் முழுக்க உங்கள் அத்தை போனில் ஆர்டர் எடுப்பதில் தப்புக்கு மேல் தப்புச் செய்தாள். ஆறு குஷன் கேட்டால் நூறு என்று எழுதினாள். இதே பல் டாக்டர் அப்போது, "சீட் கொஞ்சம் நீளமா வேணும்" என்று சொன்னதை நீலமாக வேண்டும் என்று எழுதி, நாங்கள் பளிச்சென்று நீலத்தில், குட்டையாக ஒன்றைச் செய்துகொண்டுபோய் இறக்கினோம். டாக்டர் கடைக்கே வந்துவிட்டார். அவர் முன்னால், தையல்காரர் முன்னால், நான் உங்கள் அத்தையைப் பார்த்து, "காதுல என்ன பஞ்சா அடைச்சு வெச்சிருக்க" என்று கத்தினேன். சோபா கடையில் நின்றுகொண்டு அதைச் சொன்னதால் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் அத்தைக்கு வரவில்லை. ஆனால் பாருங்கள், இந்த மூன்று மாதமாக அவளிடம் ஒரு தப்பு இல்லை. அன்றைக்கு நான் போட்ட சத்தம்தான் தாமதமாக வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். ஆகவே மேகம் போனாலும் கவலையில்லை, அவள் திருந்திவிட்டாள். நீங்கள் அடுத்த மாதம் வரும்போது மறக்காமல் அதை

மாப்பிள்ளை, மேலே உள்ள வரியைத் திங்கட்கிழமை பாதியில் விட்டேன், ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். இன்று வியாழக்கிழமை. நடுவில் மூன்று நாள்தான் ஆகியிருக்கிறது, ஆனால் அந்த வரியை முடிக்க எனக்குக் கை வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

செவ்வாய்க்கிழமை காலை நான் ஒரு சாய்வு நாற்காலிக்கு அளவெடுத்துப் பட்டியலில் எழுதினேன். தையல்காரர் அதற்குக் கீழே எல்லோரும் பார்க்கும்படி, 'இந்த அளவில் தைத்தால் ஒரு கால் மட்டும் உட்காரலாம்' என்று எழுதிவிட்டு, துணி வாங்கக் கிளம்பிப் போய்விட்டார். அவர் சொன்னது உண்மைதான், நான் டேப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன். இருந்தாலும் நாற்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. மாப்பிள்ளை வரும்வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும், நானே முடித்துவிடுகிறேன் என்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். ஆர்டர்கள், அளவுகள், படிவங்கள், க்ரூப்பில் வந்த படங்கள் எல்லாம் இருந்த அந்தப் பெரிய ஃபோல்டரைப் பிடித்து டெலீட் என்பதை அழுத்தினேன். 'நிச்சயமாகத்தானா' என்று கேட்டது. இந்தக் கடையில் என்னிடம் இவ்வளவு மரியாதையாக யாரும் எதையும் கேட்டதில்லை. 'ஆம்' என்றேன்.

உங்கள் அத்தை தன் மேசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணெதிரிலேயே எல்லாம் போயிருக்கிறது. என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், நானும் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவளோ முகம் வெளுத்துப்போய் எழுந்து வந்து, என்னை நகரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எதையோ தேடித் தேடி அழுத்தினாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியதைத் துடைக்கக்கூட இல்லை. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முப்பத்தாறு வருடத்தில், இரண்டு வீடு மாறினோம், கடையில் ஒரு தடவை தீப்பிடித்தது, உங்கள் மனைவியைப் பிரசவிக்க இரண்டு நாள் கஷ்டப்பட்டாள், எதற்கும் அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஒரு பட்டியலுக்காகவா அழுவாள்.

கொஞ்ச நேரத்தில் குப்பைத்தொட்டி மாதிரி ஒரு படத்துக்குள் போய் எல்லாவற்றையும் மீட்டுவிட்டாள். போன வரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவள் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டாள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தையல்காரர் இல்லை, மிஷின் ஓடவில்லை, கடை அமைதியாக இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். "அன்னைக்கு டாக்டர் முன்னாடி உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இன்னைக்குப் பண்ணினதும் தப்பு. ரெண்டுக்கும் சேர்த்து மன்னிச்சிடு." மாப்பிள்ளை, நான் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன். அந்த மூன்று வாக்கியத்தையும் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவள் திரும்பவில்லை. கோபம் போலிருக்கிறது என்று இன்னொரு தடவை சொன்னேன், இந்தத் தடவை கொஞ்சம் குழைந்தே சொன்னேன். திரும்பவில்லை. அவ்வளவு கல்நெஞ்சா என்று எனக்கே சற்றுக் கோபம் வந்தது. அப்போது அவளுக்கு ஒரு முழம் தள்ளி இருந்த கடைத் தொலைபேசி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எட்டு தடவை அடித்து நின்றது. அவள் தலை அசையவில்லை. உடனே அவள் கைப்பேசி வெளிச்சம் காட்டி மேசைமேல் அதிர்ந்தது, சட்டென்று எடுத்துவிட்டாள்.

நான் அப்படியே பின்னால் இருந்த பாதி பிரித்த சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்பிரிங் குத்தியது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஆறு, நூறு. நீளம், நீலம். வீட்டில் டிவி சத்தம் அதிகமாக இருக்கிறது என்று நான் சண்டை போட்டது. பேசும்போது அவள் என் வாயையே பார்ப்பதைப் பார்த்து, இந்த வயதிலும் நம்மேல் என்ன பிரியம் என்று நான் மனசுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. அவள் கேட்காமல் இருந்திருக்கிறாள். நான் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

எதிரில் போய் நின்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போனை எடுத்து, ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதினேன். 'அன்று எல்லோர் முன்னாலும் அப்படிச் சத்தம் போட்டது என் தப்பு. காரணம் தெரியாமல் கத்திவிட்டேன். மன்னிக்கவும்.' அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், அவளுக்குத் தனியாக அனுப்புவதற்குப் பதில் க்ரூப்பில் போட்டிருக்கிறேன். முதல் பதில் சுத்துவழியிடமிருந்து வந்தது. 'பரவால்ல முதலாளி. மாப்பிள்ளை ரயில் விஷயம்தானே. அன்னைக்கே மறந்துட்டேன்.' அடுத்தது தையல்காரர். 'எந்த நாள்னு சொன்னா நல்லா இருக்கும் முதலாளி. நிறைய இருக்கு.' அதன் பிறகு பல் டாக்டர். 'நீங்கள் என்னிடம் எப்போது கத்தினீர்கள் என்று நினைவில்லை. இருந்தாலும் மன்னித்துவிட்டேன். பெஞ்சு எப்போது வரும்?'

உங்கள் அத்தை எழுந்து போனோடு என் எதிரில் வந்து நின்றாள். "இது யாருக்கு எழுதினது?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான்" என்றேன்.

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க. குனிஞ்சுக்கிட்டுச் சொன்னா தெரியல."

நிமிர்ந்து அவளைப் பார்த்து, "உனக்குத்தாம்மா" என்றேன். பிறகு, "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன்.

அவள் என் பக்கத்தில் அந்த ஸ்பிரிங் மேலேயே உட்கார்ந்தாள். "வலது காது ரெண்டு வருஷமாச்சு. இடதும் இப்ப இறங்கிக்கிட்டு வருது. போன்ல ஆறுன்னு சொல்றாங்களா நூறுன்னு சொல்றாங்களான்னு ரெண்டு தடவ கேட்பேன். மூணாவது தடவ கேட்க வெட்கமா இருக்கும். எது பொருத்தமோ அதை எழுதிடுவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்ப சொல்றது. தப்பு வந்ததும் நீங்க கத்தினீங்க. நீங்க கத்தினது மட்டும் நல்லாக் கேட்டுச்சு. அதனால காது அவ்வளவு மோசமில்லன்னு நானே நெனச்சுக்கிட்டேன்." இதைச் சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு சொன்னாள். "காது போச்சுன்னு தெரிஞ்சா என்னை வீட்டுல இருன்னு சொல்லிடுவீங்கன்னு பயம். இருபத்தெட்டு வருஷமா அந்த மேசையில உட்கார்ந்திருக்கேன். மாப்பிள்ளை வந்து இதை மாட்டினதும் எல்லாம் எழுத்துல வந்துச்சு. யாரையும் திரும்பக் கேட்க வேண்டாம். வேலைக்கு ஆகாதவளாப் போயிட்டோம்னு இருந்தேன், மறுபடியும் வேலைக்கு ஆகறவளா ஆயிட்டேன். அதை நீங்க ஒரே அழுத்துல அழிச்சீங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துத் தையல்காரர் துணிக்கட்டோடு உள்ளே வந்தார், எங்களைப் பார்த்தார், துணியை வாசலிலேயே வைத்துவிட்டு, "நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்" என்று திரும்பிப் போய்விட்டார்.

நேற்று காது டாக்டரிடம் போய்வந்தோம். ஒரு சின்ன அறையில் அவளை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தேன். அவள் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, அவ்வளவு கவனமாகக் காத்திருந்தாள். வெகு நேரம் பொத்தானை அழுத்தவே இல்லை. கண்ணாடி வழியாக அதைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு காதுக்கும் கருவி வைத்தால் பெரும்பாலும் கேட்கும் என்றும், பத்து நாளில் வந்துவிடும் என்றும் டாக்டர் சொன்னார். "இவ்வளவு நாள் எப்படிச் சமாளிச்சீங்க?" என்று அவளைக் கேட்டார். அவள் பெருமையாக, "எங்க கடை க்ளவுட்ல இருக்கு" என்றாள்.

கடையில் உள்ளவர்களிடம் நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவளே நேற்று மாலை க்ரூப்பில் எழுதினாள். 'எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. பேசுகிறவர்கள் எதிரில் வந்து பேசவும்.' அதற்கு யாரும் கட்டைவிரலைக் காட்டவில்லை. இன்று காலை போய்ப் பார்த்தால் தையல்காரர் தன் மிஷினைத் திருப்பி அவள் மேசைக்கு நேராகப் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டால், பழைய இடத்தில் வெளிச்சம் போதவில்லை என்றார். ஜன்னல் அந்தப் பழைய இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சுத்துவழி வண்டி வந்துவிட்டது என்று சொல்வதற்குக்கூட அவள் எதிரில் வந்து நின்று, கையால் ஸ்டியரிங் பிடித்துக் காட்டுகிறார்.

ஒன்று கேட்க வேண்டும் மாப்பிள்ளை. மீட்டிங்கில் கீழே எழுத்து ஓடும்படி அவளுக்கு மட்டும் வைத்துக் கொடுத்தீர்களே, போனில் ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று படிவம் போட்டீர்களே, அந்த இரண்டு நாள் கடை மூலையில் உட்கார்ந்து நீங்கள் பார்த்தது இதைத்தானா? அப்படியானால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்க மாட்டேன். பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியாதது இரண்டு நாளில் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றால் அது என் வெட்கம். என் மகள் நல்ல இடத்தில்தான் இருக்கிறாள் என்று நினைத்து அந்த வெட்கத்தைக் கொஞ்சம் ஆற்றிக்கொண்டேன்.

ஆகவே இந்தக் கடிதத்தின் முதல் பாதியில் நான் கேட்டதைத் தள்ளிவிடவும். மேகம் இங்கேயே இருக்கட்டும். உங்கள் அத்தையின் காதுக்கு அதுதான் துணை, அது இல்லாவிட்டால் அவளுக்குக் கஷ்டம், அந்த ஒரு காரணத்துக்காக நான் எதையும் பொறுத்துக்கொள்வேன், பல் டாக்டர் என் நகத்தைப் பற்றி எழுதுவது உட்பட. மகளிடம் அம்மாவைப் பற்றிப் பக்குவமாகச் சொல்லவும், பயப்படும்படி சொல்ல வேண்டாம். இருவரும் நீண்ட நாள் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டு, சௌக்கியமாகவும் சந்தோஷமாகவும் இருக்க வேண்டும் என்று நானும் உங்கள் அத்தையும் மனதார ஆசீர்வதிக்கிறோம். தையல்காரரும் சுத்துவழியும் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். இந்த முறை நேர்வழியில் ரயிலடிக்குக் கொண்டுவிடுவதாக சுத்துவழி சொல்கிறார், நீங்கள் எதற்கும் ஆட்டோவில் போகவும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் மாமனார்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி சுத்துவழியிடம் கொடுத்து பன்னிரண்டு நாள் ஆயிற்று. இன்று வண்டி சீட்டைத் தைக்கப் பிரித்தபோது அடியில் கிடந்தது. நல்லதாகப் போயிற்று என்று உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன், ஏனென்றால் மேலே எழுதியது எதுவும் இப்போது சரியில்லை. கருவி நேற்று முன்தினம் வந்துவிட்டது. உங்கள் அத்தைக்கு எல்லாம் கேட்கிறது. நான் டீயை உறிஞ்சுகிற சத்தம் இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லையாம். போனை முதல் மணியிலேயே எடுக்கிறாள். ஆகவே காதுக்காக மேகம் வேண்டும் என்று நான் சொன்ன காரணமும் போய்விட்டது. "இனிமே அது தேவையில்லையே, மாப்பிள்ளைகிட்ட எடுத்துடச் சொல்லட்டுமா?" என்று அவளிடமே கேட்டேன். "இருக்கட்டும். பேசும்போது நீங்க முதலாளி. எழுதும்போதுதான் கொஞ்சம் மனுஷனா இருக்கீங்க" என்றாள். பிறகு தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, அன்று பின்னால் நின்று மன்னிப்புக் கேட்டதாகச் சொன்னீர்களே, அதை இப்போது சொல்லுங்கள் என்றாள். தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டார். நான் சொன்னேன். அவள் திரும்பாமலே, "கேட்கல" என்றாள். கருவி கெட்டுவிட்டதோ என்று பயந்து இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "கேட்கல" என்றாள். மூன்றாவது தடவை சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அழுகிறாளோ என்று பதறி எதிரில் ஓடிப்போய்ப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.